றிசானாவுக்காக ஓடித்திரிந்தவர்களுக்கு மூதூரிலிருந்து ஒரு நன்றி மடல்

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

காரியம் கைகூடியவர்கள்தான் வழக்கமாக நன்றி மடல் எழுதுவார்கள். இலங்கையின் கிழக்கில் இருக்கும் எங்கள் ஊருக்கு அது கைகூடவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி, சவூதி அரேபியாவின் தவாத்மியில், அங்கே வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன எங்கள் ஊர்ப் பிள்ளை றிசானா நபீக்கின் தலை வெட்டப்பட்டது. அவளைக் காப்பாற்றப் பல வருடங்களாக அலைந்தவர்கள் அன்றோடு கலைந்து போனார்கள். யாரும் யாரிடமும் நன்றி எதிர்பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் சொல்லவேண்டிய கடன் இருக்கிறது.

நான் அந்தக் குடும்பத்து ஆளில்லை. அவர்கள் சார்பில் பேசும் உரிமையும் எனக்கில்லை. அதே ஊர்க்காரி, அவ்வளவுதான்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. சுனாமி வந்து ஐந்து மாதம்கூட ஆகாத நேரம். விறகு வெட்டிப் பிழைக்கும் வீட்டின் மூத்த பிள்ளை, 2005 மே மாதம் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போனாள். அவள் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டிலோ 1982 என்று இருந்தது. பதினேழு வயதுப் பிள்ளையை இருபத்து மூன்று வயதாக்கி விமானம் ஏற்றிவிட்ட முகவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குப் போய் மூன்று வாரத்துக்குள், மே 22ஆம் திகதி, அவள் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரைக்கேறியது என்றாள் அவள். கழுத்தை நெரித்தாள் என்றது வழக்கு. 2007 ஜூன் 16இல் மரண தண்டனை விதித்தார்கள். அதுவரை அவளுக்கென்று ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை.

மேன்முறையீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு மாதம். சட்டத்தரணிக்குக் கொடுக்க அந்த வீட்டில் என்ன இருந்திருக்கும்? கொழும்பிலிருந்தும் அந்தக் காசு வரவில்லை. அந்த நேரத்தில் கைகொடுத்தது ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு. மூதூர் எந்தப் பக்கம் என்றே தெரியாதவர்களிடம் எல்லாம் கேட்டு, ஒன்றரை இலட்சம் றியால் கட்டணத்துக்கு வழி தேடி, காலக்கெடுவுக்குள் மேன்முறையீட்டைப் பதியவைத்தார்கள். காசு அனுப்பியவர்களில் ஒருவரையும் நாங்கள் கண்டதில்லை. உங்கள் எல்லோருக்கும் முதல் நன்றி. 2007இலேயே முடிந்திருக்க வேண்டிய ஓர் உயிருக்கு ஐந்தரை வருடம் கூடுதலாகக் கிடைத்தது உங்களால்தான்.

வழக்கை ஏற்று நடத்திய சவூதிச் சட்டத்தரணி காதிப் அல் ஷம்மரிக்கும் அவருடைய அலுவலகத்தாருக்கும் நன்றி. தங்கள் நாட்டு நீதிமன்றத்தில், தங்கள் நாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு எதிரில், ஒரு வெளிநாட்டுப் பணிப்பெண்ணுக்காக நிற்பது லேசான வேலை இல்லை. மேன்முறையீடு என்று ஒன்று நடந்ததால்தான் பல விஷயங்கள் வெளியே வந்தன. குழந்தையின் உடலுக்குப் பிரேத பரிசோதனையே நடக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அவள் சொன்னதாக வைத்த வாக்குமூலத்தை அரபுக்கு மாற்றியவர் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லை. கர்நாடகத்திலிருந்து பிழைக்க வந்த ஒருவர், தமிழ் சரியாகத் தெரியாதவர். பிறகு நீதிமன்றம் அவரைத் தேடியபோது ஆள் நாட்டைவிட்டே போய்விட்டார். அந்த வாக்குமூலத்தை அவள் மறுத்தாள். அடித்து வாங்கியது என்றாள். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில் பதினெட்டு வயது ஆகாதவருக்கு மரண தண்டனை கொடுக்கக்கூடாது என்ற சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையில் சவூதியும் கையொப்பமிட்டிருக்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைத் திரும்பத் திரும்பச் சொன்ன சர்வதேச மன்னிப்புச் சபைக்கும் ஹியூமன் ரைட்ஸ் வொட்ச்சுக்கும் நன்றி. 2010 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்த பிறகும் நீங்கள் விடவில்லை.

றியாத்தில் இருந்த நம் நாட்டுப் பல் மருத்துவர் ஒருவரை இங்கே தனியாகச் சொல்லவேண்டும். பெயர் போடவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். டொக்டர், இது உங்கள் வேலையே இல்லை. தூதரக ஆளும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. தவாத்மி சிறைக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேசினீர்கள். அவள் எப்படி இருக்கிறாள், என்ன சொல்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. சொந்த நாட்டு முகம் ஒன்றைக் காண்பது அவளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் இங்கே எழுதி விளக்கத் தேவையில்லை. மனுக்களிலும் அறிக்கைகளிலும் ஒரு பெயராக இருந்தவளை உயிருள்ள பெண்ணாக எங்களுக்குக் காட்டியவர் நீங்கள். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்.

மூன்று மொழியிலும் எழுதிய பத்திரிகையாளர்களுக்கும், மனுக்களில் கையெழுத்திட்ட சிங்கள, தமிழ்ச் சகோதர சகோதரிகளுக்கும் நன்றி. 'ஷரீஆவைப் பற்றிப் பேசாதே' என்று சிலர் வாயை அடைக்கப் பார்த்த காலம் அது. உயிருக்கு உயிர் என்ற கிஸாஸ் சட்டத்திலேயே இறந்தவரின் குடும்பத்தார் மன்னிக்க இடமிருக்கிறது, அந்த மன்னிப்பைத்தான் கேட்கிறோம் என்று பொறுமையாக விளக்கிய மார்க்க அறிஞர்களான ஆலிம்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. கேட்டோம், கிடைக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாயைத் தூற்றி எழுதியவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை. அவரும் ஓர் உம்மா.

எல்லாம் முடிந்த பிறகு வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கும் இடமில்லை. அவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

அவள் இறந்த அன்று இலங்கைப் பாராளுமன்றம் எழுந்து மௌனமாக நின்றது. அடுத்த நாள் றியாத்திலிருந்து தூதுவரைத் திருப்பி அழைத்தார்கள். அந்த மாதமே, சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போக 25 வயது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். இதற்காக முன்பிருந்தே குரல் கொடுத்த பெண்கள் அமைப்புகளுக்கும், இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் வீடு வீடாகப் போய், கடவுச்சீட்டில் இருக்கும் வயது சரியா என்று தாய்மாரிடம் கேட்கும் பிள்ளைகளுக்கும் நன்றி. உங்களைத் திட்டும் முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். திட்டட்டும்.

யாரையாவது விட்டிருந்தால் மறதிதான், வேறு காரணம் இல்லை. எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூதூர்க்காரி ஒருத்தி