வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: இனி எங்கள் கடையில் ‘ஜோடி’ கிடையாது

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் எங்களிடம் அலங்கார மீன் வாங்கும் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் மூன்று பேர் ஒரே குறையோடு கடை ஏறி வந்தார்கள். கப்பி என்ற சிறு மீனில் செவ்வால் ஆணைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, ஒரு பெண்ணோடு ஜோடியாக வாங்கிப் போனவர்கள். குட்டிகள் வளர்ந்து நிறம் காட்டியபோது ஒன்றுகூட அப்பனைப்போல் இல்லையாம். ஒருவர், ஏமாற்றிவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஏமாற்றவில்லை ஐயா, ஆனால் தவறு எங்களுடையதுதான். கப்பிப் பெண் ஒருமுறை இணைந்தால் போதும். அந்த விந்தை உடலுக்குள் தேக்கி வைத்துக்கொண்டு பல மாதங்களுக்குக் குட்டி போடும். நீங்கள் மாப்பிள்ளை பார்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகுமுன்பே, அவள் எங்கள் தொட்டியில் தனக்குப் பிடித்தவனைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அதன் மேல் ‘ஜோடி’ என்று சீட்டு ஒட்டியது நாங்கள்.

அவளுக்குப் பிடித்தவன் யார்? கப்பியின் தாயகங்களில் ஒன்றான டிரினிடாட் தீவின் ஓடைகளில் ஆராய்ந்தவர்கள் முதலில் சொல்வது ஆரஞ்சுப் புள்ளியை. அந்த நிறத்துக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமியை மீனின் உடல் தானே செய்துகொள்ளாது, பாசி போன்ற தீனியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். புள்ளி பளிச்சென்று இருந்தால், அவன் தீனி தேடத் தெரிந்தவன். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் படியும் பச்சையைச் சுரண்டித் தள்ளாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். சோம்பலுக்குச் சாக்கு என்று என் மனைவி சொல்வதை நம்ப வேண்டாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓர் ஆணோடு வேறொரு பெண் இருப்பதைப் பார்த்த கப்பி, பிறகு அதே ஆணை நாடுகிறது என்று 1992இல் லீ டுகாட்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். கல்யாண வீடுகளில் நாம் பார்க்காததா!

எல்லா மீனும் அழகை மட்டும் பார்ப்பதில்லை. ஈப்போ பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் தூண்டில் போடுகிறவர்கள், கரையோர ஆழமில்லாத நீரில் தட்டுத் தட்டாகக் குழிகளைக் கண்டிருப்பீர்கள். அவை திலாப்பியா ஆண்கள் வாயால் மண் அள்ளித் தோண்டியவை. உடல் கறுத்து, தாடை வெளுத்து, துடுப்போரம் சிவந்து, ஆளுக்கொரு குழியில் காவல் நிற்பான். பக்கத்துக் குழிக்காரன் நெருங்கினால் வாயோடு வாய் கவ்விச் சண்டை. பெண் ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்ப்பாள். மனம் ஒப்பிய இடத்தில் முட்டையிட்டு, அதை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அவன் அதே குழியில் அடுத்தவளுக்குக் காத்திருப்பான்.

நீங்கள் வளர்க்கும் சிக்லிட் மீன்களும் திலாப்பியாவின் குடும்பம்தான். அவற்றில் குழி தோண்டும் வகைகளை மணலே இல்லாத வெறும் தொட்டியில் ஆணும் பெண்ணுமாக விட்டுவிட்டு, ஏன் முட்டையிடவில்லை என்றால் அவன் எதைக் காட்டிப் பெண் கேட்பான்?

சண்டை மீன் வாங்குவோருக்கும் ஒரு சொல். முட்டைகளை வைக்க நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டாத ஆணோடு பெண்ணை விடாதீர்கள். அவள் உடலில் குறுக்குக் கோடுகள் தெரிகிறவரை நடுவில் கண்ணாடித் தடுப்பு இருக்கட்டும். முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிடுங்கள். காவல் அவன் வேலை. அவசரப்பட்டு வால் கிழிந்த பெண்ணை மாற்றித் தரச் சொன்னால் எங்களால் முடியாது.

இனிக் கப்பிப் பெண்களை ஆண்களோடு சேராமல் குட்டியிலேயே பிரித்து, தனித் தொட்டியில் வளர்த்து விற்போம். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குவது நல்லது. ஒருத்தியையே அவன் துரத்திக் களைக்கச் செய்யமாட்டான். சென்ற மாதம் குறை சொல்ல வந்த அந்த மூவரும் மாற்றிக் கேட்டால், புதுத் தொட்டியிலிருந்து பெண் கப்பிகளை இலவசமாகத் தருகிறோம். சிக்லிட் வாங்க வருபவர்கள் தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். மணல் எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மீன் கடைக்காரர்