இரண்டு மண்கட்டிகள்

மார்கழி 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சித்தப்பா வீட்டு விவகாரம் அப்படியேதான் இருக்கிறது.

பள்ளியில் தோட்டம் போடச் சொல்லியிருக்கிறார்கள், ஏழாம் வகுப்புக்கு மண், தண்ணீர் பற்றி என்ன சொல்லித் தரலாம் என்று கேட்டிருந்தாய். தீபாவளிக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது அந்த இரண்டு வரிதான். அம்மா நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். வேறு எதையும் கேட்டு எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ஆகவே கேட்டதற்கு மட்டும் பதில்.

எடுத்த எடுப்பில் மண்வெட்டியைக் கையில் கொடுக்காதே. முதலில் மண்ணைப் பார்க்கப் பழகட்டும். நேரான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், கழுத்து வரை தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி ஜன்னலில் வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும், அங்கே ஒரு கோடு போடு. இரண்டு மணி நேரத்தில் வண்டல் படியும், அதற்கு ஒரு கோடு. களி படிய ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். மேலே மிதக்கும் கறுப்புத் தூசிதான் மக்கு, மக்கிப்போன இலைதழை. ஒவ்வொன்றின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து சதவீதம் போட்டால் கணக்குப் பாடமும் ஆயிற்று. இடையில் எடுத்து ஆட்டிப் பார்க்கிற பயல் எந்த வகுப்பிலும் ஒருவன் இருப்பான். இரண்டு பாட்டிலாக வை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

மழையை அளக்க அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பா போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். பள்ளிக்கூடத்து மாடி 100 சதுர மீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர். சொன்னால் நம்ப மாட்டார்கள், பெருக்கிப் பார்க்கட்டும்.

தர்மபுரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். காய்ச்சினால் போகாது, நீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். ஒகேனக்கல் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்தது இதற்காகத்தான். இதைப் பாடத்தில் கட்டாயம் சொல். ஆனால் எந்தப் பிள்ளையின் பல்லையும் காட்டிச் சொல்லிவிடாதே. நீயும் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாய் என்று பார்த்துக்கொள்.

தோட்டத்துக்குச் சிறுகீரை போடு. 25 நாளில் பிடுங்கலாம், பிள்ளைகளின் பொறுமைக்கு அதுதான் சரி. பாத்தி மூன்று அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். கை நடுவுக்கு எட்டவில்லை என்றால் ஏறி மிதிப்பார்கள், மிதித்த மண் இறுகிவிடும். விதையோடு இரண்டு பங்கு மணல் கலந்து தூவி, விரலால் லேசாகக் கீறிவிட்டால் போதும். ஆழத்தில் விழுந்த விதை முளைக்காது. ஹோஸ் பிடித்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கும். பூவாளிதான் சரி. எறும்பு இழுத்துப் போகும், சுற்றிச் சாம்பல் போடு. முதல் அறுப்பு சத்துணவுக் கூடத்துக்குப் போகட்டும். லீவுக்கு முன்னால் விதைத்தால் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காயும். அரையாண்டு லீவு விட்டாயிற்று என்று பேப்பரில் போட்டிருந்தான். சரி.

என் பெண் டீச்சர் என்று ஊரெல்லாம் சொல்கிறேன். அந்த டீச்சருக்கு வீட்டுக்கு ஒரு போன் போட நேரமில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.

கடைசியாகக் கட்டிச் சோதனை. வேப்பமரத்தடியில் ஒரு கட்டி, வெறும் நிலத்தில் ஒரு கட்டி, இரண்டும் நெல்லிக்காய் அளவு. இரண்டு நாள் நிழலில் காய வேண்டும். ஈரக்கட்டி எதுவும் சட்டென்று கரையாது, சோதனை பொய்யாகிவிடும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதன்மேல் டீ வடிகட்டி, வடிகட்டியில் கட்டி மூழ்கும்படி. தண்ணீர் உள்ளே ஏறும்போது அடைபட்ட காற்று கட்டியைப் பிளக்கும். வேர், பூஞ்சை, மக்கு மூன்றும் பசையாகப் பிடித்திருந்தால் கட்டி தாங்கும், டம்ளரில் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். இல்லையென்றால் குமிழி குமிழியாக விட்டு, அரை நிமிடத்தில் சேறாகி அடியில் கிடக்கும்.

நம் மேற்கு வயல் கட்டி அப்படித்தான் கரைகிறது.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம் அங்கே மேடு தட்டுகிறோம் என்று உன்னிடம் சொன்னேன். மேடு எதுவும் இல்லை பாப்பா. ஒன்றரை மா, அதாவது அரை ஏக்கர், ஒரு அடி ஆழத்துக்கு மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றேன். கணக்குப் போட்டால் 21,780 கன அடி. நடைக்கு 100 கன அடி வீதம் 217 டிராக்டர் மண். ஒரு அங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும் என்று தெரிந்துதான் விற்றேன். இப்போது அக்கம்பக்கத்து வயலை விட ஒரு அடி தாழ்ந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு பக்கத்துத் தண்ணீரும் அதில்தான் இறங்குகிறது, வாய்க்காலுக்கு வடிவதில்லை, சம்பா அழுகுகிறது. போட்ட உரமும் நிற்பதில்லை. சித்திரையில் பசுந்தாள் உரத்துக்காக 10 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவருகிறேன். பயிர் கொஞ்சம் தேறியிருக்கிறது. கட்டி இன்னும் கரைகிறது. அம்மாவுக்குத் தெரியும். உனக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

பார்சலில் சிறுகீரை விதை 100 கிராம் இருக்கிறது. நியூஸ் பேப்பரில் சுற்றியிருப்பது இரண்டு கட்டிகள். நூல் கட்டியது கொல்லை வேம்படி, கட்டாதது மேற்கு வயல். உடையாமல் பிரி.

பொங்கலுக்கு பஸ் டிக்கெட் கடைசி நேரத்தில் கிடைக்காது, இப்போதே போடு. ஒன்றா இரண்டா என்பது உன் விருப்பம். நான் கேட்கவில்லை.

அப்பா