பருவ நிறைவும் ‘ஷாக்’ விளையாட்டும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழா, பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி எல்லாம் சிறப்பாக நடந்தன. வென்றவர்களுக்கும் கலந்துகொண்டவர்களுக்கும் வாழ்த்துகள். தேர்வு முடிவுகளும் மனநிறைவு தருகின்றன. விவரம் மதிப்பெண் அட்டையில் இருக்கிறது. நூலகத்தில் புதுத் தரைவிரிப்பு போட்டிருக்கிறோம். அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் திரளாக வந்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அந்தத் தரைவிரிப்பையும் கண்காட்சியையும் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

கண்காட்சியில் நிலைமின்சார மேசையைச் சுற்றி எப்போதும் கூட்டம். பலூனைத் தலையில் தேய்த்தால் முடியிலிருந்து எலெக்ட்ரான்கள் பலூனுக்குப் போய்விடுகின்றன. பலூனுக்கு எதிர் மின்னூட்டம், முடிக்கு நேர் மின்னூட்டம். மின்னூட்டம் புதிதாக உண்டாவதில்லை, இருந்தது இடம் மாறுகிறது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அழகாக விளக்கினார்கள். பக்கத்திலேயே ஒரு அட்டை. 1746-இல் பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார் அரசர் முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து, லெய்டன் ஜாடி என்ற, மின்னூட்டத்தைச் சேமிக்கும் கண்ணாடிக் குடுவையில் சேர்த்த மின்னூட்டத்தை அவர்கள் வழியே செலுத்தி, அத்தனை பேரையும் ஒரே நொடியில் துள்ளவைத்த கதை அதில் இருந்தது. வீரர்களின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா என்று அட்டையில் இல்லை. எங்கள் பிள்ளைகளும் கேட்கவில்லை.

நடப்பது இதுதான். நூலகத் தரைவிரிப்பில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்கள். பிறகு ஓசைப்படாமல் பின்னால் வந்து, இன்னொரு பிள்ளையின் காது மடலில் விரலை நீட்டுகிறார்கள். ‘சட்’ என்று ஒரு பொறி, ஒரு அலறல், சுற்றி நின்றவர்களின் சிரிப்பு. பிடிபட்ட ஒரு மாணவர் சொன்ன பதில்: “நான் விரலைத்தான் நீட்டினேன் சார், எலெக்ட்ரான் தானாத்தான் போச்சு.” இயற்பியல்படி அவர் சொன்னது பெரிய தப்பில்லை என்பதுதான் சங்கடம். நம் உடல் மின்கடத்தி. தேய்ப்பில் சேர்ந்த மின்னூட்டம் தோல் முழுக்கப் பரவி, காலணியின் ரப்பர் அடிப்பாகம் தடுப்பதால் தரைக்கு இறங்க வழியில்லாமல் நிற்கிறது. விரல் நெருங்கும்போதே எதிரில் இருப்பவர் உடலிலுள்ள மின்னூட்டங்கள் தூண்டலால், அதாவது தொடாமலே ஈர்க்கப்பட்டும் விலக்கப்பட்டும், நகர்ந்து இடம் மாறுகின்றன. இடையிலுள்ள காற்றால் ஓர் அளவுக்கு மேல் தாங்க முடியாது. 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். பொறி பறக்கிறது.

“ஆயிரக்கணக்கான வோல்ட்டா!” என்று பதற வேண்டாம். பாயும் மின்னூட்டத்தின் அளவு மிகமிகச் சிறியது, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவது. கதவின் கைப்பிடியைத் தொடும்போது நமக்கு அடிப்பதும் இதேதான். “இதற்கெல்லாமா கடிதம் எழுதுவீர்கள்?” என்று சில பெற்றோர் நினைக்கலாம். விளையாட்டு அதோடு நின்றிருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன்.

முதல் கவலை, காது. காக்ளியர் கருவி (காது கேட்க உதவ உள்காதில் பொருத்தும் மின்கருவி) பொருத்திய குழந்தைகளுக்கு நிலைமின்சாரப் பொறி வெறும் சுருக்கென்ற வலி அல்ல. கருவியின் வெளிப்பகுதியில் பதிந்துள்ள அமைப்புகளைக் குலைத்துவிடக்கூடும். பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் ஏறுமுன் அந்தப் பகுதியைக் கழற்றி வைக்கச் சொல்வதும் இதனால்தான். யார் காதில் என்ன இருக்கிறது என்று பின்னாலிருந்து வருகிற பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. கணினி அறையிலும் இதே பிரச்சினைதான். நம் விரலுக்கு உறைக்காத அளவு மின்னூட்டமே ஒரு சிப்பைப் பழுதாக்கிவிடும்.

இரண்டாவது, பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலின் உள்ளும் புறமும் அலுமினியத் தகடு ஒட்டி, கம்பளியில் தேய்த்த பிவிசி குழாயால் மின்னூட்டம் ஏற்றி, வீட்டிலேயே லெய்டன் ஜாடி செய்து பைக்குள் வைத்துக் கொண்டுவருகிறார்கள். சிலவற்றின் வேலைப்பாட்டைப் பார்த்தால் பெரியவர்களின் கையும் பட்டிருப்பது தெரிகிறது! ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் இது காலைத் தேய்ப்பதைப் போன்றதல்ல. நம் உடலில் சேர்வதைவிடப் பல மடங்கு மின்னூட்டத்தை இந்தப் பாட்டில் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தேய்க்கத் தேய்க்கக் கூடும், சும்மா வைத்தாலும் உடனே வடிந்துவிடாது. பாட்டில் பெரிதாக ஆக, அடியும் பலமாகும்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். மின்னூட்டம் ஏற்றிய எந்தப் பொருளும் இனி பள்ளிக்குள் வரக்கூடாது. ஒரு பிள்ளையின் விருப்பமில்லாமல் ‘ஷாக்’ கொடுப்பது இனி விளையாட்டாகக் கருதப்படாது. மற்றவரை அடித்தால் என்ன நடவடிக்கையோ அதே நடவடிக்கைதான். “எல்லோரும்தான் செய்கிறார்கள்” என்ற விளக்கத்தை ஏற்க மாட்டோம்.

சரி, கண்டிப்பு போதும். இந்த ஆர்வத்தை அணைத்துவிட எங்களுக்கு எண்ணமில்லை. அடுத்த பருவத்தில் ஆசிரியர் மேற்பார்வையில், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், ஆய்வகத்தில் இந்தச் சோதனைகளுக்கு நேரம் ஒதுக்குகிறோம். நூலகத்திலிருந்து வெளியே வரும்போது கையில் ஒரு சாவியைப் பிடித்து அதன் நுனியால் ஜன்னல் கம்பியைத் தொட்டால் மின்னூட்டம் வலியில்லாமல் இறங்கிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். வீட்டிலும் செய்து காட்டுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

இதைப் பற்றி முதலில் எங்களிடம் வந்து, யார் பெயரையும் குறை சொல்லாமல், நிதானமாகப் பேசிய பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. கண்காட்சிக்கு உதவிய எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்த பாட்டில்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. விடுமுறைக்கு முன் பெற்றோர் வந்து பெற்றுக்கொள்ளலாம். இத்தகைய ஜாடியில் ஒருமுறை மின்னூட்டத்தை இறக்கினாலும் மிச்சம் கொஞ்சம் மறுபடி தலைகாட்டும் என்பதால், உள்தகட்டையும் வெளித்தகட்டையும் கம்பியால் இணைத்து வைத்திருக்கிறோம். வீடு போய்ச் சேரும்வரை அதைக் கழற்ற வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்