கதவு மூடாத அலமாரி

ஆசிரியருக்கு வணக்கம்.

குரோம்பேட்டையில் எங்கள் படுக்கையறை பத்துக்கு ஒன்பது அடி. கட்டில் போட்டதும் நடக்கவே இடமில்லை. அதனால் தரையிலிருந்து பரண் வரை ஒரு சுவர் முழுக்க அலமாரி செய்யச் சொன்னோம். இடம் மிச்சமாகும் என்று ஆசாரி ஆழத்தை 18 அங்குலமாகக் குறைத்துவிட்டார். ஹேங்கரில் சட்டையை மாட்டினால் கதவு மூடவில்லை! உள்ளளவு 22 அங்குலமாவது வேண்டுமாம். அப்புறம் கம்பியைக் கழற்றிவிட்டு, தட்டு போட்டு மடித்து வைக்கிறோம். கதவும் கட்டிலில் இடிக்கிறது. ஸ்லைடிங் கதவு கேட்டிருக்கலாம், எனக்குத்தான் புத்தி போகவில்லை.

அதைவிட வருத்தம், குளியலறைச் சுவரை ஒட்டிய பலகை ஒரே மழைக்காலத்தில் ஊதிப்போனது. தண்ணீர் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள (ஈரம் தாங்கும் மரைன் வகை) பிளைவுட் வேண்டும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. சுவருக்கும் பலகைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தாலும் இவ்வளவு ஈரம் ஏறியிருக்காது.

வீடு விற்பவர்கள் வரைபடத்தில் கட்டிலை மட்டும் வரைந்து காட்டுகிறார்கள். இரண்டடி அலமாரியையும் சேர்த்து வரையட்டும். மீதி எவ்வளவு என்று வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார்.

– ஒரு வாசகி, குரோம்பேட்டை