ரகுவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள ரகுவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை என்று அம்மா சொன்னாள். வேலை இருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று திருவந்திபுரம் போயிருந்தோம். முகூர்த்த நாள். எந்தப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை என்று தெரியாத கூட்டம். தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு மலைக்குப் போனோம். 74 படியையும் அம்மா உட்காராமல் ஏறிவிட்டாள். உன் பேருக்கு ஏலக்காய் மாலை.

ஹயக்ரீவர் சன்னிதி முழுக்கப் பரீட்சைப் பிள்ளைகள். ஒருவனிடம் கதை தெரியுமா என்றேன். “படிப்பு சாமி” என்று பேனாவோடு ஓடிவிட்டான். நீ ஆறாம் வகுப்பிலேயே முழுக்கதையும் சொல்வாய். கருடன் உபதேசித்த மந்திரத்தை ஆசாரியர் வேதாந்த தேசிகன் ஜபித்ததும், இந்த மலையிலேயே ஹயக்ரீவர் காட்சி தந்ததும் உட்பட. இப்போது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

ஹயக்ரீவர் கதை மகாபாரதத்தில் சாந்தி பருவத்தில் வருகிறது. பிரம்மா உட்கார்ந்திருந்த தாமரையிலேயே இரண்டு நீர்த்துளி. அவற்றிலிருந்து இரண்டு அசுரர்கள்: தமோகுணத்தில் மது, ரஜோகுணத்தில் கைடபன். சோம்பலும் பதற்றமும் நாம் இருக்கும் இடத்திலேயே பிறக்கின்றன என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு என்று சொல்வதும் அதற்குத்தான். வேதத்தை இருவரும் பாதாளத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். பெருமாள் குதிரை முகத்தோடு, ஹயக்ரீவராக, அங்கே போய் ஸ்வரத்தோடு ஓதினார். என்ன சத்தம் என்று வேதத்தைப் போட்டுவிட்டு அவர்கள் ஓட, இவர் எடுத்து வந்துவிட்டார். சண்டையெல்லாம் அப்புறம்தான்.

உன் சித்தப்பா தேவி பாகவதக் கதையைத்தான் ஒத்துக்கொள்வார். அதில் வில்லின் நாண் அறுந்து பெருமாளின் தலையே போய், குதிரைத் தலையைப் பொருத்துகிறார்கள். எனக்குப் பாரதம் போதும்.

அதில் எனக்குப் பிடித்தவர் பிரம்மா. படைக்கிற உத்தியோகம், நான்கு தலை. வேதம் போனதும், அதுதான் என் கண், அதுதான் என் பலம் என்று புலம்பிக்கொண்டு நேரே பெருமாளிடம் போய்ச் சொல்லிவிட்டார். ஏன் தொலைத்தாய் என்று பெருமாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து போய்த் தேடினார், அவ்வளவுதான்.

மேல்வீட்டுக்காரர் தன் பையன் சி.ஏ. பாஸ் என்று லட்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு அம்மா பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுவாள். ஏழரை வரை நான் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன். அப்போது கூப்பிடு.

அப்பா