மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதில்லை: ஆற்று மட்டியை முன்னிட்டு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த மரபணு பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது என்பதை விளக்க, கட்டுரையாளர், குடும்ப உரிமை தாய்வழியில் செல்லும் கேரளத்தின் மருமக்கத்தாய முறையை உவமையாக எடுத்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டு எல்லையில் தலைமுறைகளாக வாழும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு, அந்த முறையை அண்டை வீடுகளில் கண்டு வளர்ந்தவர்கள் என்பதால், அது எளிதில் விளங்கும் உவமை. ஆனால் எல்லா விலங்குகளிலும் இதுவே விதி என்று கட்டுரை முடிந்திருப்பது தவறு. அந்த விதியை மீறும் உயிரினங்களுள் முதன்மையானவை ஆறுகளிலும் குளங்களிலும் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் நன்னீர் மட்டிகள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பகுதியின் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சுட்டிக்காட்டுவது என் கடமை என்று கருதுகிறேன்.

மனிதரைப் பொறுத்தவரை கட்டுரையாளர் கூறியது சரிதான். முட்டைக்குள் நுழையும் விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியா, யுபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தால் குறியிடப்பட்டு அழிக்கப்பட்டுவிடுகிறது. 1981இல் முழுமையாகப் படித்தறியப்பட்ட மனித மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதி, 16,569 டி.என்.ஏ. எழுத்துகளும் 37 மரபணுக்களும் கொண்ட ஒரு சிறு வளையம். தாய் தரும் அந்த ஒன்றுதான் நம் உடல் முழுவதும் இருக்கிறது.

மட்டிகளின் செய்தி வேறு. 1990களின் தொடக்கத்தில் மைட்டிலஸ் என்னும் கடல் மட்டியை ஆராய்ந்தவர்கள், ஆண் மட்டிகளின் உடலில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட இரண்டு மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதிகள் இருப்பதைக் கண்டனர். தாய் தன் தொகுதியை மகளுக்கும் மகனுக்கும் தருகிறாள். தந்தையோ விந்தணு வழியாகத் தன் தொகுதியைத் தருகிறான். மகளாக வளரும் கருவில் அது சிதறி மறைந்துபோகிறது, மகனாக வளரும் கருவில் மட்டும் ஒன்றாகத் திரண்டு, பின்னாளில் விந்தகமாக வளரப்போகும் செல்களைச் சென்றடைகிறது. ஆகவே ஆண் மட்டியின் தசையிலும் பாதத்திலும் பெரும்பாலும் இருப்பது தாய் தந்தது. விந்தகத்தில் இருப்பது தந்தை தந்தது. கட்டுரையாளரின் உவமையிலேயே சொல்வதானால், ஒரே தறவாட்டில், அதாவது ஒரே கூட்டுக்குடும்ப வீட்டில், தாய்வழியான மருமக்கத்தாயமும் தந்தைவழியான மக்கத்தாயமும் ஒன்றோடொன்று கலக்காமல் நடந்துவருகின்றன. மட்டியைப் போல் இரண்டு ஓடுகள் கொண்ட மெல்லுடலிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களில் இந்த இரட்டை வழி மரபு இன்று அறியப்பட்டிருக்கிறது.

நன்னீர் மட்டிகளில் இது எட்டியிருக்கும் ஆழம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. கடல் மட்டியில் தாய் தரும் பெண்வழித் தொகுதி சில வேளைகளில் தந்தை தரும் ஆண்வழிக்குள் புகுந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு. அப்போது இரண்டுக்கும் இடையில் சேர்ந்துவந்த வேறுபாடு அழிந்து கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. நன்னீர் மட்டிகளில் அவ்வாறு நிகழ்ந்ததற்கான தடயமே இல்லை. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், அதாவது இந்திய நிலப்பகுதி ஆப்பிரிக்காவோடும் அண்டார்டிகாவோடும் ஒட்டியிருந்த காலத்திலேயே, பிரிந்த இரண்டு வழிகளும் பின்னர் ஒருமுறைகூடச் சந்திக்காமல் வந்திருக்கின்றன என்று கணிக்கப்படுகிறது. மனிதனின் மைட்டோகாண்ட்ரிய எழுத்துவரிசையும் சிம்பன்சியினுடையதும் ஏறத்தாழ 9 விழுக்காடு வேறுபடுகின்றன. ஒரே நன்னீர் மட்டியின் உடலுக்குள் இருக்கும் இரண்டு தொகுதிகளோ 40 விழுக்காட்டுக்கும் மேல் வேறுபடக்கூடும். அதனால் ஒரு மட்டியின் ஆண்வழித் தொகுதிக்கு, அதே உடலில் உள்ள பெண்வழித் தொகுதியைவிட, கண்டம் கடந்து வாழும் வேறோர் இனத்து மட்டியின் ஆண்வழித் தொகுதியே நெருங்கிய உறவாக இருக்கிறது.

மரபணுக்களின் அமைப்பிலும் இந்தப் பிரிவின் சுவடுகள் தெரிகின்றன. மைட்டோகாண்ட்ரியா ஆற்றலை உண்டாக்க உதவும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியின் இரண்டாம் கூற்றை உருவாக்கும் மரபணு, நன்னீர் மட்டியின் ஆண்வழித் தொகுதியில் மட்டும் ஏறத்தாழ 200 அமினோ அமிலங்கள் நீளமுள்ள ஒரு வாலைப் பெற்றிருக்கிறது. விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாவை அழிவிலிருந்து காக்கும் அடையாளம் அதுவாக இருக்கலாம் என்ற கருத்து ஆய்வாளர்களிடையே உண்டு. வழக்கமான 37 மரபணுக்களுக்கு மேல், ஆண்வழிக்கும் பெண்வழிக்கும் தனித்தனியே ஒரு கூடுதல் மரபணுவும் காணப்படுகிறது. ஆண், பெண் என்ற பிரிவை இழந்து இருபாலுயிரிகளாக மாறிய நன்னீர் மட்டி இனங்கள் சில உள்ளன. அவற்றில் ஆண்வழித் தொகுதி முற்றிலும் மறைந்துவிட்டிருக்கிறது; பெண்வழியின் கூடுதல் மரபணுவும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருக்கிறது. இந்த மாற்றம் ஒரே ஒருமுறை நிகழ்ந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். தொடர்பற்ற பல கிளைகளில் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருப்பதால், மட்டி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதில் மைட்டோகாண்ட்ரியாவுக்கே பங்கு இருக்கக்கூடும் என்று எண்ண இடமிருக்கிறது.

பாடநூலில் ஒரு வரியைத் திருத்துவதோடு இது முடிந்துவிடுவதில்லை. உயிரினங்களை அடையாளம் காண மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுத் துண்டைப் படித்து ஒப்பிடும் முறை இன்று கல்லூரி ஆய்வகங்கள் வரை வந்துவிட்டது. ஒருவர் பாதத் தசையையும் மற்றொருவர் விந்தகத்தையும் எடுத்துப் படித்தால், ஒரே இனத்து மட்டி இரண்டு தொலைதூர இனங்களாகத் தோன்றும். தசையை மட்டுமே படித்துக்கொண்டு போனால், 20 கோடி ஆண்டு வரலாற்றில் சரிபாதி யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்லவேண்டும். ஆனைமலையிலிருந்து வரும் ஆழியாற்று நீர், 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர் ஆற்றுக்கு வந்து, மூலத்தறையிலிருந்து கால்வாய்களில் பிரிந்து எங்கள் வயல்களுக்குப் பாய்கிறது. இரு மாநிலங்களும் அந்த நீரின் அளவைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகின்றன. அந்த நீருக்குள் வாழ்வனவற்றைப் பற்றிய பேச்சு என் காதில் விழுந்ததே இல்லை. சென்ற கோடையில் எங்கள் ஊருக்கு அருகே ஒரு குளத்தைத் தூர்வாரியபோது, பொக்லைன் இயந்திரம் அள்ளிக் கரையில் கொட்டிய சேற்றில் உள்ளங்கை நீள மட்டிகள் கூடை கூடையாகக் கிடந்தன. வாய் இறுக மூடியிருந்தவை மறுநாள் வெயிலில் பிளந்துவிட்டன. நான் பொறுக்கி நீரில் விட்டவை மிகச் சில. அந்தக் குளத்தில் மட்டி மீண்டும் பெருகுவது எளிதல்ல. தாயின் செவுளுக்குள் வளரும் அதன் இளம்பருவம், வெளிவந்தபின் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ பற்றிக்கொண்டு சில காலம் ஒட்டுண்ணியாக வாழ்ந்தால்தான் உயிர் பிழைக்கும். மட்டியும் வேண்டும், அதற்கு ஏற்ற மீனும் வேண்டும், இரண்டும் சந்திக்க நீரும் வேண்டும்.

தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. குளம் ஆழப்பட்டால்தான் எங்களுக்குப் பயிர். ஆனால் வேலை தொடங்கும் முன் நீர் வற்றிய பகுதியிலிருந்து மட்டிகளை எடுத்து அருகிலுள்ள நீர்நிலையில் விடும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிட முடியும். இரண்டு நாள் கூலிதான் செலவு. பாலக்காட்டிலும் கோவையிலும் உள்ள கல்லூரிகளின் விலங்கியல் துறையினர் அந்த நாட்களில் மாணவர்களோடு வந்தால், ஆணையும் பெண்ணையும் பிரித்தறிந்து, பாதத் தசையையும் இனச்செல் சுரப்பியையும் தனித்தனிக் குப்பிகளில் எத்தனாலில் இட்டு, எந்தக் குளம், எந்த நாள் என்ற குறிப்போடு பாதுகாக்கலாம். சில மட்டிகளை இதற்கென எடுத்தாலே ஓர் ஊரின் குளத்துக்கு இரண்டு வழிகளின் பதிவும் கிடைத்துவிடும். இந்தக் கோடைக்கான தூர்வாரும் பட்டியல் வெளிவரும் முன்னரே அவர்கள் ஊராட்சிகளைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் அடுத்த பகுதியில் ‘எல்லா விலங்குகளிலும்’ என்பதை ‘பெரும்பாலான விலங்குகளில்’ என்று திருத்தி வெளியிடும்படியும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.