லைனர் தூசி

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பங்காளி,

பேத்திக்கு மொட்டை போட்ட படம் வந்தது. அப்படியே உன் அம்மா முகம். வர முடியாமல் போனதற்குக் காரணம் நம் பழைய பட்டறை மேஸ்திரிதான். போனில் அரைகுறையாகச் சொல்லி வைத்துவிட்டேன். அவருக்கு நுரையீரலில் கட்டி.

போன வாரம் இங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். பீடி உண்டா, எத்தனை வருஷம், தண்ணி பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சீட்டில் எழுதினார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. மனசு கேட்காமல் நானே சொன்னேன்: "லாரி பிரேக் வேலைங்க. பிரேக் டிரம்முல உரசுற லைனர் பட்டையை முப்பத்தஞ்சு வருஷம் அடிச்சவர்." எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "பழைய லைனர்ல அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்குமே" என்றார். அப்புறம்தான் அதையும் எழுதினார்.

அன்று இரவு தூக்கமே வரவில்லை. டிரம்மைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி படிந்திருக்குமே, நினைவிருக்கிறதா? "ஏர் அடிங்கடா" என்பார் மேஸ்திரி. ஹோஸைப் பிடிக்க நீயும் நானும் அடித்துக்கொள்வோம். ஒரே அடியில் பட்டறை முழுக்கப் புகைமண்டலம். தகர ஓட்டை வழியாக விழும் வெயிலில் அந்தத் தூசி மினுமினுக்கும். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். புது லைனரின் ஓரத்தை மேஸ்திரி சாணைக்கல்லில் தேய்க்கும்போது இன்னும் கிளம்பும். கண் இமையில் அந்த மாவோடேயே டீ குடித்தோம். சாயங்காலம் சட்டையைத் திண்ணையில் உதறுவேன். துவைத்தது அம்மா.

அஸ்பெஸ்டாஸ் என்பது நார் நாராகப் பிரியும் ஒரு கனிமம். கண்ணுக்குத் தெரியாத அந்த இழை நுரையீரலுக்குள் போனால் கரைவதில்லை. 20, 30, சில சமயம் 40 வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். நுரையீரலில் புற்று வரலாம். நுரையீரலைச் சுற்றிய சவ்வில் மீசோதீலியோமா என்று இன்னொரு வகைப் புற்று வரலாம். வேலையிடத்து அஸ்பெஸ்டாஸால் ஆண்டுக்கு 2 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மேஸ்திரிக்கு வந்தது பீடியாலா, லைனராலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றோடொன்று சேர்ந்தால் ஆபத்து வெறும் கூட்டல் கணக்கு இல்லை, பல மடங்காகப் பெருகுகிறது என்றார் டாக்டர். ஆனால் வீட்டில் எல்லோரும் பீடியைத்தான் திட்டுகிறார்கள். மேஸ்திரியும் தலையைக் குனிந்துகொள்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1775-லேயே லண்டனில் பெர்சிவல் பாட் என்கிற டாக்டர், புகைக்கூண்டு துடைத்தவர்களுக்கு விரைப்பையில் வரும் புற்றுக்குக் கரிதான் காரணம் என்று எழுதிவிட்டார். அவர்களும் நம்மைப் போலச் சின்னப் பையன்களாக வேலைக்குப் போனவர்கள்தான். நோய் வந்தது வளர்ந்த பிறகு. நம் தொழிலிலேயே பார்: டீசல் புகையை 2012-லும் வெல்டிங் புகையை 2017-லும் உறுதியான புற்றுக்காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. பெயிண்டர் வேலையும் அதே பட்டியலில். பெட்ரோலில் இருக்கிற பென்சீன் ரத்தப் புற்று வரை கொண்டுபோகும். இப்போது பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. நாம் டியூபில் வாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சிய காலத்தில் ஏது விதி? கிரீஸ் போகக் கை கழுவியதும் பெட்ரோலில்தான்.

இன்னொன்று கேள். அஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோய் மெதுவாக வரும் என்று தெரிந்து போட்ட உத்தரவு. ஆறு பேர் வேலை செய்த நம் பட்டறையில் வருகைப் பதிவேடே கிடையாது. மேஸ்திரி அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு அவர் கையிலிருக்கும் தழும்பைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்ட இத்தனை வருஷத்தில், பெட்டியில் "அஸ்பெஸ்டாஸ் இல்லாதது" என்று போட்ட லைனரும் விற்றிருக்கிறேன், ஒன்றும் போடாததும் விற்றிருக்கிறேன். விலை குறைந்ததைத்தான் கேட்பார்கள், எடுத்துக் கொடுப்பேன். ஒன்றும் போடாததை விற்பதை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.

உனக்குக் கோபம் வரும், பரவாயில்லை. உன் பட்டறையில் நாலு பையன்கள் இருக்கிறார்கள். டிரம்மில் ஏர் அடிக்க விடாதே. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைக்கச் சொல். முகத்தில் துண்டு கட்டுவதெல்லாம் அந்த இழையை நிறுத்தாது. வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகவும் விடாதே.

சரி, ஒரு உதவி. டாக்டர் மேஸ்திரியின் வேலை விவரத்தை வருஷ வாரியாக எழுதி வரச் சொல்லியிருக்கிறார். நான் சேர்ந்தது 1983 ஆடியில். அப்போதே நீ அங்கே இருந்தாய். மேஸ்திரி எந்த வருஷம் அங்கே வந்தார், சாணைக்கல் எப்போது வாங்கினோம், உனக்குத்தான் நினைவிருக்கும். வியாழனுக்குள் எழுதிப் போடு. வெள்ளிக்கிழமை மறுபடி போகிறோம்.

அன்புடன்,
உன் பங்காளி